கல்லுக்கு வடக்கே சுலா

கார்ட்லா, ஹீயுமா தீவு
14 நவம்பர் 2010

அன்புள்ள தம்பி மேலிஸ்,

முதலில் உறுதியான செய்தி. தீவுப் பேச்சு அகராதியின் எஸ் எழுத்துத் தொகுதி மார்ச் 31 அன்று மூடப்படுகிறது. சொன்னவர் தொகுப்பாளர் ரேட். வெள்ளிக்கிழமை காலை தொலைபேசியில் இரண்டு முறை கேட்டு எழுதிக்கொண்டேன்.

நான் நலம். படி ஏறும்போது மட்டும் முழங்கால் பேசுகிறது. உன் முதுகு எப்படி இருக்கிறது? உன் வீட்டில் பேகீனுக்கு இருமல் நின்றதா? உன் அத்தான் ஹெய்னோ போய் ஒன்பது வாரம் ஆகிறது. நீ அனுப்பிய மலர்வளையம் வந்து சேர்ந்தது. அடக்கம் முடிந்து காபி குடிக்கும்போது துறைமுகத்து ஆட்களில் ஒருவர், "ரொட்டிய வெட்டுங்கப்பா, மீனுக்கும் ஒரு துண்டு எடுத்து வைங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அது உறைத்தது.

இப்போது விஷயம். 'சுலா' என்ற சொல்லின் பதிவை ரேட் என்னிடம் கொடுத்திருக்கிறாள். எஸ்தோனிய மொழியில் அதற்குப் பனி உருகும் காலம், உருகிய பொருள் என்று பொருள். எழுவாயாக வந்தாலும் இரண்டாம் வேற்றுமை, ஆறாம் வேற்றுமை ஏற்றாலும் உருவம் மாறாது. 'சுலாதோசி' என்றால் கலப்பில்லாத உண்மை. பின்லாந்துக்காரர்களும் கரேலியர்களும் இதே சொல்லை வைத்திருக்கிறார்கள். உறைந்த கடலில் திறந்து கிடக்கும் நீரையும் பின்லாந்தில் சுலா என்பார்கள். நாம் பிறந்த குட்டித்தீவு ஹானெலாய்டில் மட்டும் இன்னொரு பொருள் உண்டு: அடியில் நீரோட்டத்தால் மெலிந்து, மேலே பனி மூடியதால் கண்ணுக்குத் தெரியாத இடம்.

இந்தப் பொருள் அச்சில் ஏற இரண்டு சாட்சிகள் வேண்டும். ஒவ்வொருவரும் ஓர் அட்டை எழுத வேண்டும்: கேட்ட வாக்கியம், சொன்னவர், இடம், நாள். என் அட்டை தயார். 1992 அக்டோபரில் கார்ட்லா துறையில் நம் தீவு மீனவர் ஆது சொல்லக் கேட்டது. ஹானெலாய்டில் பிறந்தவர்களில் உயிரோடு இருப்பது நாம் இரண்டு பேர்தான். ஒரு குளிர்காலம் முழுக்க நீ ஆதுவுடன், உறைந்த கடல்மேல் வண்டிகள் போகும் பனிப்பாதைக்குக் குறி நட்டவன்.

எனக்கு இது ஏன் வேண்டும் என்று உனக்குத் தெரியும், ஆனாலும் எழுதிவிடுகிறேன். 1986 பிப்ரவரியில் ஹெய்னோவின் ரொட்டி வண்டி ஹானெலாய்டுப் பனிப்பாதையில், கடலுக்குள் நிற்கும் கல்லுக்குப் பக்கத்தில் மூழ்கியது. ஓட்டுநரின் கவனக்குறைவு என்று விசாரணை முடிந்தது. 'குறி நேராத்தான் இருந்தது, குறியப் பாத்துத்தான் போனேன்' என்று அவர் சாகும்வரை சொன்னார். ஒருவரும் நம்பவில்லை. அங்கே ஒரு சுலா உண்டு என்பதாவது காகிதத்தில் இருக்கட்டும்.

மழைக்காலத்தில் உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா ஊர்வே


கோனமாரா, அயர்லாந்து
28 நவம்பர் 2010

அன்புள்ள அக்கா,

கடிதம் ஒன்பதாம் நாள் வந்தது. தபால்காரர் கோல்மன் அதை மேசையில் வைத்துவிட்டு, "உங்க அக்கா மறுபடியும் ஒரு முழுப் பத்திரிகைய அனுப்பிருக்காங்க போல, கை வலிக்குது" என்றார். தேநீர் குடித்துவிட்டுத்தான் போனார். பேகீனின் இருமல் நின்றுவிட்டது. என் முதுகு வானிலை அறிக்கையைவிடச் சரியாக மழை சொல்கிறது. உன் முழங்காலுக்கு இங்கே கடற்பாசி வைத்துக் கட்டுவார்கள், வேண்டுமானால் அனுப்புகிறேன்.

உன் சொல்லைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஐரிஷிலும் சுலா உண்டு, அக்கா. உருகுவதற்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இங்கே அதற்கு 'முன்னால்' என்று பொருள். நான் போவதற்கு முன்னால், விடிவதற்கு முன்னால் என்பது போல. எழுத்தில் சுலா, இந்தக் கரையில் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். பேகீனிடம் இலக்கணம் கேட்டேன். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே சொன்னாள்: "சுலா பக்கத்துல வந்து நின்னா அடுத்த வினைச்சொல்லு வாய மூடிக்கும். டகரம்னா அதுக்கு முன்னாடி அதவிட மெத்துனு ஒலிக்கிற இன்னொரு எழுத்து வந்து நின்னு அதுக்குப் பதிலாப் பேசும். நடந்து முடிஞ்ச கதைன்னா சுலாவே 'சுலார்' ஆயிடும். போதுமா? இல்ல, கிழங்கையும் நீயே உரிக்கிறியா?"

ஐரிஷில் எழுதுவதைவிடக் கிழங்கு உரிப்பது எளிது என்று உரித்துக் கொடுத்தேன்.

ஆது என்ன சொன்னார் என்பது நினைவில்லை. அவர் நிறையச் சொல்வார். இந்தப் பொருளை வேறு யாராவது கேட்டிருப்பார்கள், நீ தேடினால் கிடைக்கும். நீ தேடிக் கிடைக்காதது எது?

கிறிஸ்துமஸுக்கு முன்கூட்டியே வாழ்த்து.
தம்பி மேலிஸ்


கார்ட்லா
11 டிசம்பர் 2010

அன்புள்ள மேலிஸ்,

கடல் இன்னும் உறையவில்லை. துறைமுகப் பலகையின்படி நேற்று நீரின் வெப்பம் ஒரு பாகை. நான் நலம். கடற்பாசி வேண்டாம், இங்கேயும் கடல் இருக்கிறது.

ஐரிஷ் சுலாவுக்கு நன்றி. ரேட்டிடம் சொன்னேன், அவளுக்கு ஒரே மகிழ்ச்சி. "ஒரே மாதிரி இருக்கிறதால சொந்தம்னு எழுதிடாதீங்க. முகச்சாயல் மட்டும்தான், ரத்தம் வேற" என்றாள். குறிப்பில் அப்படியே எழுதிவிட்டேன்.

ஆது நிறையச் சொல்வார் என்று எழுதியிருக்கிறாய். முப்பத்தொரு வருடம் நான் செய்தியாளராக இருந்தவள். ஆது ஒரு நாளில் பத்துச் சொல்லுக்கு மேல் பேசி நான் கேட்டதில்லை. பேட்டி எடுக்கப் போனபோது, "என்ன கேக்கணும்னு முடிவு பண்ணிட்டு வாம்மா, நான் வலை பின்னிட்டு இருக்கேன்" என்று சொல்லி, அதோடு அன்றைக்கான சொற்களை முடித்துக்கொண்டார். அப்படிப்பட்டவர் உன்னிடம் ஒன்று சொல்லியிருந்தால் அது மறக்காது.

வெற்று அட்டை ஒன்று இணைத்திருக்கிறேன். மையால் எழுது. பென்சில் செல்லாது.

பேகீனுக்கு என் அன்பு. அவள் கிழங்கு உரிக்கும்போது இலக்கணம் கேட்காதே.
அக்கா


கோனமாரா
2 ஜனவரி 2011

அன்புள்ள அக்கா,

புத்தாண்டு வாழ்த்து. இங்கே இருவரும் நலம். வான்கோழி மூன்று நாள் வந்தது, நான்காம் நாள் சூப்பாகியும் வந்தது.

அட்டையை எழுதி இணைத்திருக்கிறேன். மையில்தான்.

மீன்பண்ணையில் என்னோடு வேலை செய்யும் தோர்மத் ஸ்காட்லாந்துத் தீவுக்காரன். உன் சொல்லைப் பற்றி அவனிடம் கேட்டேன். அவர்களுடைய கேலிக் மொழியில் முதல் எழுத்தை நீட்டி 'சூலா' என்றால் கண்ணின், கண்ணுடைய. "கண்ணு சூல். கண்ணோடதுன்னு சொல்லணும்னா சூலா. ஏன்டா, உங்க அக்கா கண் டாக்டரா?" என்று கேட்டான். "அதவிட மோசம், பத்திரிகைக்காரி" என்றேன். அப்படியென்றால் தனக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதச் சொன்னான்.

பேகீன் இன்னொன்றும் சொன்னாள். ஐரிஷ் சுலாவுக்கு 'முன்னால்' மட்டுமல்ல, 'ஆகிவிடாதபடி' என்றும் ஒரு பொருள் இருக்கிறது. விழுந்துவிடாதபடி, நனைந்துவிடாதபடி. குழந்தையைக் கையைப் பிடித்து இழுக்கும்போது சொல்வது. இதையும் சேர்த்துக்கொள்.

பனி உறைந்ததா?
தம்பி


கார்ட்லா
15 ஜனவரி 2011

அன்புள்ள மேலிஸ்,

உன் அட்டை ரேட்டிடமிருந்து திரும்பி வந்துவிட்டது. நேற்று, பதிவுத் தபாலில்.

வாக்கியம் நன்றாக இருக்கிறது: 'கல்லுக்கு வடக்க சுலா இருக்கு, சுத்திப் போ.' சொன்னவர் ஆது என்று எழுதியிருக்கிறாய். ஆது பேசியது போலவே இருக்கிறது, மொத்தம் ஆறு சொல். ஆனால் இடம் என்ற கட்டமும் நாள் என்ற கட்டமும் காலி. ரேட்டுக்கு ஃபோன் செய்து தளர்த்த முடியுமா என்று கேட்டேன். "உங்களுக்குத் தெரியாததா? நாளும் இடமும் இல்லாம வந்தா அது சாட்சி இல்ல, கதை. நல்ல கதைதான், ஆனா நான் போடறது அகராதியாச்சே" என்றாள். அவள் சொல்வது சரி. நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அட்டையைத் திருப்பி அனுப்புகிறேன். சரியான தேதி வேண்டாம், மாதமும் வருடமும் போதும்.

தொலைபேசியில் இரண்டு முறை, சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டாய். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. பேகீன் பாத்திரம் கழுவுவது கேட்டது.

முதுகைப் பார்த்துக்கொள்.
அக்கா


கார்ட்லா
8 பிப்ரவரி 2011

அன்புள்ள மேலிஸ்,

பெருநிலத்துக்குப் பனிப்பாதை நேற்றுக் காலை திறந்தது. பனி இருபத்தைந்து சென்டிமீட்டர், சாலை அலுவலக அறிவிப்பு. என் கடிதத்துக்கு இருபத்து நான்கு நாளாகப் பதில் இல்லை. இதற்கு ஆதாரம் என் தபால்பெட்டி.

உடம்பு சரியில்லையா? பேகீனுக்கு ஓர் அஞ்சலட்டை போட்டேன். நீ கரையில் நிறைய நடக்கிறாய் என்று மட்டும் எழுதியிருந்தாள்.

நேற்றே நான் காரை எடுத்துக்கொண்டு போனேன். சாவடியில் இருந்த பெண் கண்ணாடியைத் தட்டி, "பெல்ட்டக் கழட்டுங்கக்கா. கரையிலதான் பெல்ட்டு காப்பாத்தும், இங்க அதுதான் புடிச்சு வச்சுக்கும்" என்றாள். மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டருக்குக் கீழே போக வேண்டும், இல்லாவிட்டால் நாற்பதுக்கு மேலே. நடுவேகத்தில் போனால் அடியில் அலை எழும், முன்னால் போகும் வண்டிக்கு இருநூற்றைம்பது மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்று ஒப்பித்தாள். "எனக்குத் தெரியும்மா" என்றேன். "எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. போன வருஷம் தெரியும்னு சொன்னவரு நடுவுல நிறுத்தி சிகரெட் பத்த வச்சாரு" என்றாள்.

ஹெய்னோ இருபத்து நான்கு வருடம் வண்டி ஓட்டவில்லை. பனிப்பாதைக்கு என்னோடு வரவும் மாட்டார். நேற்று முதல் முறையாக அந்த இருக்கை காலியாக இருந்தது என்று எழுத வந்தேன். யோசித்தால் அது எப்போதுமே காலிதான்.

இரண்டு கட்டம், மேலிஸ். அவ்வளவுதான் கேட்கிறேன்.
ஊர்வே


கோனமாரா
20 பிப்ரவரி 2011

அக்கா,

நலம். நீ நலமாக இருக்க வேண்டும்.

அட்டை இணைத்திருக்கிறேன். இடம்: ஹானெலாய்ட், படகுக் கொட்டகை முன்னால். நாள்: 17 பிப்ரவரி 1986, திங்கள், காலை.

வண்டி மூழ்கியது 18, செவ்வாய். நாள் கணக்கை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

முறை உனக்குத் தெரியும். நூறு அடிக்கு ஒரு துளை போட்டு, கோலை இறக்கி அளந்து, பிறகுதான் குறியாக ஜூனிபர் செடிக் கிளையை நட வேண்டும். நட்டவன் மறுநாள் முதல் வண்டிக்கு முன்னால் அந்த வரிசையில் நடந்து போக வேண்டும். அன்று பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டுப் பாகை குளிர், துளைக்கருவி மழுங்கியிருந்தது. கல் வரைக்கும் துளை போட்டேன். ஒரு வாரக் குளிரில் சுலாவும் இறுகியிருக்கும் என்று நானே முடிவு செய்தேன். எனக்குப் பத்தொன்பது வயது, எல்லாம் தெரியும். சறுக்குவண்டியில் உட்கார்ந்தபடியே மீதிக் கிளைகளை நேராகக் குத்திக்கொண்டு போனேன். மறுநாள் காலை நடக்கவும் இல்லை. தூங்கிவிட்டேன்.

அத்தான் சொன்னது உண்மை. குறி நேராகத்தான் இருந்தது.

இன்னொன்று. மருத்துவமனையில் அவர் கைக்கு மருந்து வைத்துக் கட்டியிருந்தபோது நான் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் பேசினார். "மச்சான், நீ அன்னிக்கு அந்தப் பக்கமே போகலன்னு சொல்லு. ஆது வாயத் திறக்க மாட்டாரு. ஏப்ரல்ல உன்னப் பட்டாளத்துக்குக் கூப்பிடுறாங்க. எல்லைக்கடல்ல வேணும்னே குறிய மாத்தி நட்டான்னு எவனாவது மேலிடத்துக்கு எழுதிட்டா, உன்ன வேற எடத்துக்குல்ல கொண்டுபோவாங்க. என்னோடது ஒரு லைசன்ஸ்தானே, எடுத்துட்டுப் போகட்டும்" என்றார். நான் அழுதேன். "மூக்கத் தொடை. வண்டில நாப்பது ரொட்டி இருந்துச்சு, அதுக்கு அழு" என்றார்.

கதவருகில் போனபோது கூப்பிட்டு, "ஊர்வேகிட்ட மட்டும் சொல்லிடாத. அவளுக்குத் தெரிஞ்சா எழுதிடுவா" என்றார்.

பட்டாளத்திலிருந்து திரும்பி வந்தேன். எல்லோரும் அவரை ரொட்டியை மீனுக்குப் போட்டவன் என்று கூப்பிட்டார்கள். அவரும் திரும்பிப் பார்த்தார். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் அங்கே இருக்க முடியவில்லை. பின்லாந்து போனேன், பிறகு இங்கே வந்தேன். அடக்கத்துக்கு நான் வராததற்கு முதுகு காரணமில்லை.

மேலிஸ்


கார்ட்லா
2 மார்ச் 2011

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் திங்களன்று வந்தது. அட்டை செவ்வாயன்று ரேட்டுக்குப் போய்விட்டது.

ஹெய்னோ சொன்னது சரி. தெரிந்திருந்தால் எழுதியிருப்பேன். முதலில் அவர் மேல் கோபம் வந்தது, இரண்டு நாள் அவர் நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பி வைத்திருந்தேன். பிறகு திருப்பிப் போட்டுவிட்டேன்.

இனி நான் சொல்ல வேண்டியது. 1986 பிப்ரவரி 22 அன்று வந்த எட்டு வரிச் செய்தியை எழுதியது நான். "உன் வீட்டுக்காரர்ங்கறதால விட்டுட்டோம்னு பேச்சு வரக் கூடாது, நீயே எழுதிடு" என்றார் ஆசிரியர். விசாரணைக் குழுவின் தாளை வைத்து எழுதினேன். ஒரே ஆதாரம். ஓட்டுநரைக் கேட்கவில்லை. ஓட்டுநர் என் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருந்தார். பிறகு இருபது வருடம் இளைய செய்தியாளர்களிடம் இரண்டு ஆதாரம் எங்கே என்று கேட்டு விரட்டியவள் நான். நீ நட்டது ஒரு வரிசை. என்னுடையது நாலாயிரம் பிரதி.

அதனால் திருத்தம் வர வேண்டும். பத்திரிகையில் பேசிவிட்டேன், இப்போதைய ஆசிரியர் பையன்தான், ஆனால் நல்லவன். "இருபத்தஞ்சு வருஷத்துக்கு அப்புறம் திருத்தமாம்மா? யாரு படிப்பா?" என்றான். "துறைமுகத்துல படிப்பாங்க" என்றேன். மார்ச் 26, சனிக்கிழமை, மூன்றாம் பக்கம். வாசகம் தயார். குறி நட்டவரின் பெயருக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறேன். பெயர் இல்லாமலும் போடலாம், 'உறவினர் ஒருவர்' என்று. முடிவு உன்னுடையது. வியாழன் 24 மாலை நான்கு மணிக்குப் பக்கம் மூடப்படும்.

பேகீனிடம் சொன்னாயா? சொல்லிவிடு.
அக்கா


கோனமாரா
11 மார்ச் 2011

அன்புள்ள அக்கா,

பெயரைப் போடு. முழுப் பெயர், பிறந்த தீவு, வயது பத்தொன்பது.

பேகீனிடம் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "பதிமூணு வருஷமா உனக்குக் கடலப் பாத்தா ஏன் மூஞ்சி மாறுதுன்னு நானும் யோசிச்சிட்டு இருந்தேன். வேற பொம்பளையோன்னுகூட நெனச்சேன், போடா" என்றாள். பிறகு அவளே டிக்கெட் எடுத்தாள், எனக்கு மட்டும். மார்ச் 27, ஞாயிறு, மதியத்துக்குள் பெருநிலத்துப் பனிச்சாவடிக்கு வந்துவிடுவேன். பாதை மூடியிருந்தால் படகு.

ஹானெலாய்டுக்குப் பனி தாங்குமா? கல்லுக்கு வடக்கே துளை போட வேண்டும். கருவியைத் தீட்டி வை.

தம்பி மேலிஸ்


பெருநிலத்துப் பனிச்சாவடி வழியாக, மேலிஸ் கையில் கொடுக்க
கார்ட்லா, 26 மார்ச் 2011, சனிக்கிழமை மதியம்

அன்புள்ள தம்பி,

தபால் உன்னை எட்டாது என்பதால் இதைச் சாவடிப் பெண்ணிடம் கொடுக்கிறேன். அவள் பெல்ட்டைக் கழற்றச் சொல்வாள். தெரியும் என்று சொல்லாதே.

திருத்தம் இன்று வந்துவிட்டது. மூன்றாம் பக்கம், பதினோரு வரி, ஒரு பிரதி இணைத்திருக்கிறேன். உன் பெயரில் எழுத்துப் பிழை இல்லை, நானே சரிபார்த்தேன். கீழே என் பெயரும் இருக்கிறது. துறைமுகக் கடையில் நின்று ஆட்கள் படிப்பதைப் பார்த்தேன். அடக்கத்தன்று ரொட்டிப் பேச்சு பேசியவர் இரண்டு முறை படித்தார். "அப்ப ஹெய்னோ மேல தப்பே இல்லயா?" என்று என்னைக் கேட்டார். "இல்ல" என்றேன். பத்திரிகையை மடித்துவிட்டு, "நாப்பது ரொட்டி. நல்ல ரொட்டி வேற" என்றார். ஆனால் சிரிக்கவில்லை. உன்னைப் பற்றியும் பேசுவார்கள், அதை நான் மறைக்கப் போவதில்லை.

சுலாவின் ஹானெலாய்டுப் பொருள் இரண்டு சாட்சிகளோடு ஏற்கப்பட்டது, புதன்கிழமை ரேட்டின் கடிதம். தொகுதி 31 அன்று மூடுகிறது.

நேற்று ஹானெலாய்டுக்குப் போனேன். சாவடிப் பெண்ணின் கணவர் கூட வந்து துளை போட்டார். சுற்றிலும் முப்பத்தெட்டு சென்டிமீட்டர். கல்லுக்கு வடக்கே பதினொன்று. அதைச் சுற்றிப் பதின்மூன்று ஜூனிபர் கிளை வேண்டும், பன்னிரண்டு நட்டுவிட்டோம். பதின்மூன்றாவது சாவடிக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருக்கிறது, துளைக்கருவியோடு. தீட்டியிருக்கிறது, விரலை வைத்துப் பார்க்காதே.

பனிப்பாதை நாளை திறந்திருக்குமா என்பது இன்னும் தெரியாது. சாலை அலுவலகம் காலை எட்டு மணிக்கு அளந்து சொல்லும். ஹானெலாய்டுப் பனியை நாம்தான் அளக்க வேண்டும். நீ முன்னால் நடப்பாய், நான் இருநூற்றைம்பது மீட்டர் பின்னால் காரில் வருவேன்.

அக்கா